பல்செட்காரர் சுட்ட விலாக்கறி

பொய்ப்பல் என்ற சொல்லைப் பல்செட்காரர் காதில் விழும்படி யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் சண்டைக்கு வரமாட்டார், அவர் அந்த ரகம் இல்லை. கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, "பல்லுல என்னங்க பொய்? ஒண்ணு கடிக்கும், இல்லேன்னா கடிக்காது" என்பார். கேட்டவர் இதற்கு என்ன பதில் என்று யோசிப்பதற்குள் இவர் மறுபடி வேலையில் குனிந்திருப்பார்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு ஜன்னலும் மூன்று மேசையும் உள்ள அறைதான் லேப். முப்பத்தொரு வருடமாக அவருக்கு அங்கே வேலை. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி ஒரு வெள்ளை வாய் செய்வார். மெழுகில் ஈறு பிடித்து, மேலே பதினான்கு, கீழே பதினான்கு என்று பல்லை நடுவார். பிறகு மெழுகு இருந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கை அடைத்து, பித்தளைப் பெட்டியில் போட்டுத் திருகி இறுக்கி, வெந்நீர்த் தொட்டியில் இறக்குவார். எழுபத்திநாலு டிகிரியில் ஒன்பது மணி நேரம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஈறுக்குள் குமிழ் விழும். வெந்த பிறகும் பெட்டியைச் சூட்டோடு திறக்கக் கூடாது, திறந்தால் செட் கோணிக்கொள்ளும். தண்ணீர் எப்போது ஆறுகிறதோ அப்போதுதான் அதுவும் ஆற வேண்டும். இதனால் அவருக்குப் பொறுமைசாலி என்று தெருவில் ஒரு பெயர். உண்மையில் அவர் பெரிய அவசரக்காரர். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த அவசரக்காரர், அவ்வளவுதான்.

ஊருக்கெல்லாம் பல் கட்டியவருக்குத் தன் வாயில் இடதுபக்கம் ஒரு கடைவாய்ப்பல் கிடையாது. ஒன்பது வருடமாகக் கிடையாது. கேட்டால் நேரமில்லை என்பார்.

ஆறாயிரத்துச் சொச்சம் செட் செய்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நீளப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. வரியின் கடைசியில் 'திரும்பியது' என்று ஒரு கட்டம். டாக்டர் தன் நாற்காலியிலேயே இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் ராவிக்கொள்வது இதில் சேராது. 'இது ஆகாது, எடுத்துக்கொண்டு போ' என்று லேப்புக்கே வந்தால்தான் கட்டத்தில் எழுத வேண்டும். முதல் பக்கத்திலிருந்து அந்தக் கட்டம் வெள்ளையாகவே இறங்கிக்கொண்டிருந்தது. மனிதர்கள் சாதித்ததைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். இவருக்குப் பெருமை, ஒன்றும் எழுதப்படாத ஒரு கட்டத்தில்.

இதில் ஒரே ஒரு ஓட்டை. தான் செய்த பல்லால் ஒருவர் சாப்பிடுவதை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அளவு வரும், பல் போகும். அதற்குப் பிறகு அது யார் வீட்டில் என்ன தின்கிறது என்பது லேப்புக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முதன்முதலாகக் கிடைத்த வாய் மனைவியின் அண்ணனுடையது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவியை இழந்து, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். போன வருடம் கடைசிப் பல்லும் போனது. பல்செட்காரர் இழுப்பறையிலிருந்த பற்களில் நல்லதாகப் பொறுக்கி வைத்துச் செய்த செட்டை, எட்டு மாதமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். முன்பு விசில் இருந்த பை அது. தெரிந்தவர் எதிரில் வந்தால் எடுத்துக் காட்டுவார். "என் மாப்பிள்ளை செஞ்சது. பார்க்க நல்லா இருக்குல்ல? பார்க்கத்தான்."

ஒரு புதன்கிழமை சாயங்காலம் தங்கை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவர் ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பல்லை மாட்டிக்கிட்டுத் தின்னா என்ன?" என்றாள் தங்கை. தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை. எதையும் எடைபோட்டுத்தான் பேசுவாள்.

"ரொட்டியை டீ கடிக்குது பாப்பா. இதுல பல்லுக்கு என்ன வேலை?"

"மச்சான், எங்க குத்துதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் பல்செட்காரர்.

"எங்க குத்தலைன்னு கேளு மாப்பிள்ளை. சீக்கிரம் சொல்லி முடிச்சிரலாம்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். பல்லைப் பழக்கணுமாம். பழக்குறதுக்கு அது என்ன நாயா?"

பல்செட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "முப்பத்தொரு வருஷத்துல ஒரு செட் திரும்பி வந்ததில்ல மச்சான்" என்றார்.

"வராது. என் பஸ்ஸைப் பத்திக்கூட ஒரு புகார் வந்ததில்ல. ஏன் தெரியுமா? பாதி வழியில இறங்கி நடந்து போயிட்டாங்க. நடந்து போனவன் எவன் வந்து புகார் எழுதுவான்? உன் ஆறாயிரமும் எந்தெந்த வீட்டு டம்ளர்ல தண்ணிக்குள்ள கிடக்குதோ!"

இது கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் சொன்ன மாத்திரத்தில் பல்செட்காரருக்கு ஆறாயிரம் டம்ளர் கண்முன் வரிசையாக வந்து நின்றுவிட்டது. ஒவ்வொன்றிலும் தண்ணீர், ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு சிரிப்பு.

கண்டக்டர் அத்துடன் விடவில்லை. "திங்கக்கிழமை எதிர்த்த மாடி லேப்புல சொல்லிப் புதுசா ஒண்ணு செஞ்சுக்கப் போறேன்" என்றார்.

எதிர்த்த மாடி என்றால் இவர் ஜன்னலுக்கு நேர் எதிர் ஜன்னல். சொந்த மச்சானே தெருவைக் கடந்து அங்கே படியேறினால் அதைத் தெரு பார்க்கும், லேப் முதலாளி பார்ப்பார், மேசையில் இருந்தபடி இவரும் பார்க்க வேண்டியிருக்கும்.

"நான் என்ன செஞ்சா போக மாட்டீங்க?"

கண்டக்டர் கடைசி ரொட்டித் துண்டை டீயிலிருந்து கரண்டியால் மீட்டார். "பல் இருந்த காலத்துல எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா விலாக்கறி. கரியில சுட்டது. உன் பல்லால ஒரு விலா, ஒரே ஒரு விலா கடிச்சுத் தின்னுட்டேன்னா நான் எந்த மாடியும் ஏறல. போதுமா?"

"நம்ம வீட்லதான் அடுப்பு இருக்கே" என்றாள் தங்கை.

இருந்தது. இருபத்தைந்து வருட உழைப்பைப் பாராட்டி முதலாளி கொடுத்த மூடிபோட்ட கரி அடுப்பு. ஆறு வருடமாகக் கொல்லையில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று, கிளிப் கூடையைச் சுமந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை பல்செட்காரர் கறிக்கடைக்குப் போனார். கறிக்கடைக்காரர் பன்றி விலாவில் இரண்டு முழுப் பட்டையை எடுத்துப் போட்டார். எப்படிச் செய்வது என்று கேட்டதற்கு, கத்தியை வைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். அவரிடம் அதை யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

"பின்பக்கம் ஜவ்வு இருக்கும், உரிச்சிடுங்க. கரி ஒரு ஓரம், கறி இன்னொரு ஓரம். நேரா நெருப்பு மேல வெச்சீங்கன்னா வெளிய கரி, உள்ள பச்சை. நூத்திப்பத்து டிகிரி. பாதி நேரம் திறந்து, பாதி நேரம் ஃபாயில்ல சுத்தி. மொத்தம் அஞ்சு மணி நேரம்."

"எலும்பை விட்டுக் கழண்டு வரணுமா?"

"எல்லாரும் அதைத்தான் பெருமையாச் சொல்றாங்க சார். அது வெந்தது இல்ல, கொழைஞ்சது. நல்ல விலான்னா மெதுவா இருக்கணும், ஆனா கடிச்ச இடம் மட்டும்தான் வரணும். பல் தடம் அப்படியே நிக்கணும்."

பல்செட்காரர் நிமிர்ந்தார். "மெழுகுல நிக்கிற மாதிரியா?"

"மெழுகை யார் சார் கடிக்கிறாங்க?"

"எல்லாரும்தான்" என்றார் பல்செட்காரர்.

பல் கட்டிக்கொள்கிற ஒவ்வொருவரையும் டாக்டர் மெழுகைக் கடிக்கச் சொல்வார். அந்தத் தடத்தை வைத்துத்தான் மேல்வாயும் கீழ்வாயும் எங்கே சந்திக்கின்றன என்று லேப்பில் தெரியும். ஆக, மச்சான் ஒரு விலாவைக் கடித்தால் பந்தயம் ஜெயிக்கும். அதோடு, பல்லில் எங்கே கோளாறு என்று அந்த விலாவே சொல்லிவிடும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பியவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. இத்தனைக்கும் பல்லில் கோளாறே இல்லை என்பதுதான் அவருடைய கட்சி.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மெழுகு செதுக்கும் கரண்டியால் ஜவ்வை ஒரு ஓரத்தில் கிளப்பி, துணியால் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தார். உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் வெல்லத்தூள் எல்லாம் சேர்த்து இருபுறமும் தேய்த்தார். அடுப்பில் இடது ஓரம் கரி, வலது ஓரம் கறி, கீழே ஒரு தட்டில் தண்ணீர். லேப் தெர்மாமீட்டரை மூடி ஓட்டையில் செருகினார். எட்டு மணிக்கு மூடினார். தெர்மாமீட்டர் நூற்றுப்பத்தைக் காட்டியபோது அவர் கை தானாகவே காற்றுத் துளையை அடைக்கப் போய்த் திரும்பியது. எழுபத்திநாலுக்கு மேல் போனால் குமிழ் வரும் என்று முப்பத்தொரு வருடமாக நம்பியவர் அவர்.

பத்தரைக்குச் சுற்றும் வேலை. பார்சல் கட்ட மனைவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபாயிலை இரட்டையாக விரித்து, வினிகர் தெளித்து, நான்கு மூலையும் மடித்து, காற்றுப் போகாமல் கட்டினாள். ஒரு பட்டை நீளமாகப் போய்விட்டது. "அளவுக்கு மேல இருக்குங்க, இது உள்ள போகாது" என்று கறியோடு மூன்று எலும்பை வெட்டித் தள்ளினாள். அதைப் பல்செட்காரர் கரி ஓரமாக வைத்தார். வைத்ததோடு மறந்தார்.

ஒரு மணிக்குக் கண்டக்டர் வந்தார். பணியில் இருந்த காலத்தில் அவர் பஸ் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. சாப்பாட்டுக்கு அவர் ஒரு நாளும் தாமதித்ததில்லை. கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "கொண்டாந்திருக்கேன் மாப்பிள்ளை. உன் சாமானை நீயே வந்து பாரு."

"கறி வெந்திருச்சு மச்சான்."

"அப்ப எடு."

"ஆறணும்."

பல்செட்காரர் அடுப்பின் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிட்டு, மூடியைத் தொடாமல் நின்றார். வேகிற நேரத்தைக் கறிக்கடைக்காரர் சொன்னார். ஆறுகிற நேரத்தைச் சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை என்று பல்செட்காரர் நினைத்தார். வெந்ததைச் சூட்டோடு பிரித்தால் கோணிக்கொள்ளும்.

"கறி எங்கங்க கோணும்?" என்றாள் மனைவி.

"எதுவும் கோணும்."

ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. வாசனை சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் நாற்காலியை அடுப்புக்கு ஒரு சாண் அருகே நகர்த்தினார். பிறகு இன்னொரு சாண்.

"பாப்பா, உன் புருஷன் எனக்குச் சாப்பாடு போடக் கூப்பிட்டானா, வாசனை காட்டக் கூப்பிட்டானா?"

"பேசாம இருண்ணே. அவருக்கு ஆறணுமாம்."

"எனக்கே ஆறிப்போச்சு. பசி வந்து, நின்னு, போயே போச்சு."

மூன்றரைக்குத் தெர்மாமீட்டர் நாற்பதுக்கு வந்தது. பல்செட்காரர் மூடியைத் தூக்கிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு எலும்பைப் பிடித்து இழுத்தார். சட்டைக் கையிலிருந்து கை வருவதுபோல் எலும்பு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது, வெள்ளையாக, துடைத்து வைத்ததுபோல். அடுத்ததும் அப்படியே. மூடிய அடுப்பில் இரண்டரை மணி நேரம் கறி ஆறிக்கொண்டு இருக்கவில்லை, வெந்துகொண்டு இருந்திருக்கிறது.

கண்டக்டர் தட்டை நீட்டினார். முதல் வாய் போட்டார். கண்ணை மூடினார். பல் சட்டைப்பையிலேயே இருந்தது. பதினோரு விலாவின் கறி, ஈறும் நாக்கும் மட்டும் வேலைசெய்ய, சத்தமில்லாமல் உள்ளே போனது.

"மாப்பிள்ளை," என்றார் விரலைச் சப்பியபடி, "சாமி சத்தியமா சொல்றேன், எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் சாப்பிட்டேன். உன் கையில இப்படி ஒரு பக்குவம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"பல்லை மாட்டலையே மச்சான்."

"எதுக்கு?"

"ஒரு விலா கடிச்சுத் தின்னா போக மாட்டேன்னீங்க."

"எங்க கடிச்சேன்? முழுங்கினேன்" என்றார் கண்டக்டர். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பந்தயம் பந்தயம். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கான் எதிர்த்த மாடிக்காரன்."

மனைவி தட்டுகளை அடுக்கினாள். "நல்லா இல்லாம சமைச்சிருந்தா ஜெயிச்சிருப்பீங்க. பல்லுக்கு வேலை வைக்கச் சொன்னா, பல்லே வேண்டாம்னு காட்டிட்டீங்க." இதைக் குற்றமாகச் சொன்னாளா, பாராட்டாகச் சொன்னாளா என்பது அவர்கள் முப்பது வருட வாழ்க்கையில் பலமுறை எழுந்த கேள்வி. பல்செட்காரர் எழுந்தார். தண்ணீர்த் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கழுவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கழுவினார்.

திரும்பும்போது துணிக்கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் அவர் நின்றுவிட்டார்.

கண்டக்டர் அடுப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கரி ஓரத்தில் அந்த மூன்று எலும்பு, ஏழு மணி நேரம் காய்ந்து, கறுத்து, செருப்புத்தோல் மாதிரி கிடந்தது. பல் இருந்த காலத்தில் கருகின ஓரத்துக்குத்தான் அவர் தம்பியோடு அடித்துக்கொள்வார் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். இப்போது ரோட்டைக் கடக்கப் போகிறவர்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பல்லை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். மேலது, பிறகு கீழது. எலும்பை வலது பக்கம் கொடுத்துக் கடித்தார், வழுக்கியது. இடது பக்கம் கொடுத்தார், கடித்தார், முகம் சுளித்தார், மறுபடி கடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டினார். கறி கிழிந்து வந்தது. மென்றார்.

பல்செட்காரர் போர்வை ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். கன்னத்தில் ஒரு மேடு எழுந்து எழுந்து அடங்குவதையும், தாடை பக்கவாட்டில் நகர்ந்து திரும்புவதையும் பார்த்தார். லேப்பில் திருகாணி வைத்த இரும்புத் தாடையை எத்தனையோ ஆயிரம் முறை இப்படி அசைத்திருக்கிறார். அது எதையும் விழுங்கியதில்லை.

காலடிச் சத்தம் கேட்டுக் கண்டக்டர் எலும்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "என்ன மாப்பிள்ளை?" என்றார். எட்டு மாதத்தில் முதல்முறையாகக் காற்றுப் போகாமல் பேச்சு வந்தது.

"அதைக் கொடுங்க மச்சான்."

"எதை?"

"எலும்பை."

"நாய்க்குப் போடலாம்னு வெச்சிருக்கேன்."

"நம்ம வீட்ல ஏது நாய்?"

கண்டக்டர் கொடுத்தார். பந்தயத்தைப் பற்றி இவர் பேசுவார் என்று எதிர்பார்த்து, பதிலையும் தயாராக வைத்திருந்தார். பல்செட்காரர் பந்தயத்தைப் பற்றிப் பேசவில்லை. எலும்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் பல் சறுக்கிப்போன கீறல். மறுபக்கம் எலும்புவரை இறங்கிய ஆழமான தடம். கறிக்கடைக்காரர் சொன்னதுபோல அப்படியே நின்றது.

"இடது பக்கம், கீழ, உள்ளாற தள்ளிக் குத்துதா?"

கண்டக்டர் மெல்லுவதை நிறுத்தினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"இடது ரெண்டாவது கடைவாய்ப்பல் முன்னாடியே முட்டுது. மத்ததெல்லாம் சந்திக்கவே இல்ல." எலும்பைக் கீழே இறக்கி, "உயரமா வெச்சுட்டேன்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதை மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டாள். பிற்பாடு அதை இரண்டு மூன்று தடவை நினைவுபடுத்தினாள்.

"ஆனா மெழுகுல சரியாத்தான் இருந்தது" என்றார் பல்செட்காரர். "மச்சான், டாக்டர் அளவெடுக்கும்போது பேசினீங்களா?"

"அந்த ஆளு வாயைத் திறங்கன்னாரு. திறந்தா எனக்குப் பேசத்தானே வரும்?"

பல்செட்காரர் தன் லேப் பையிலிருந்து, பல் முட்டுகிற இடத்தில் சாயம் ஒட்டுகிற நீலத் தாளையும் சின்ன அரத்தையும் எடுத்து வந்தார். தாளை இரண்டு பல்வரிசைக்கும் நடுவே வைத்தார். உயிருள்ள ஒரு வாய்க்குள் அவர் விரல் போனது அதுதான் முதல் தடவை. இத்தனை சூடாக இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. "கடிங்க" என்றார். இடது கடைவாயில் மட்டும் அழுத்தமாக ஒரு நீலப் பொட்டு விழுந்தது. செட்டைக் கழற்றி அரத்தால் நான்கு இழுப்பு. மறுபடி கடி, மறுபடி பொட்டு, மறுபடி இழுப்பு. மூன்றாவது முறை இரண்டு பக்கமும் மெல்லிய நீலம் வரிசையாகப் பரவியது.

"பேசாம இன்னொண்ணு கடிங்க."

கண்டக்டர் இரண்டாவது கருகல் எலும்பை எடுத்து வலதில் கடித்தார், இடதில் கடித்தார், கிழித்தார், மென்றார். குத்துகிறதா என்று பல்செட்காரர் கேட்டார். கண்டக்டர் மென்றுகொண்டே கையை நீட்டினார். மூன்றாவது எலும்பையும் எடுத்துக்கொண்டார்.

"அண்ணன் வாயைத் திறந்தும் பேசாம இருக்கறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றாள் தங்கை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பல்செட்காரர் மேசையிலிருந்தபடி எதிர் மாடிப் படியைப் பார்த்தார். யாரும் ஏறவில்லை. பத்தேகாலுக்குப் பதிவேட்டை இறக்கி, எட்டு மாதத்துக்கு முந்திய பக்கத்தைத் தேடி, மச்சானின் வரியில் கடைசிக் கட்டத்தில் எழுதினார்: 'திரும்பியது. இடது கீழ் இரண்டாம் கடைவாய் உயரம். சரிசெய்யப்பட்டது.'

முதலாளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, சுத்தமா இருந்த புஸ்தகத்துல? வீட்டு விஷயம்தானே, எழுதாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"இந்த ஒண்ணுதான் சார் தின்னுச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார் பல்செட்காரர். "மத்ததெல்லாம் திரும்பி வரல, அவ்வளவுதான்."

முதலாளிக்கு அது புரியவில்லை. மையை உலரவிட்டுப் பதிவேட்டை மூடினார் இவர்.

கண்டக்டர் இப்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து எதையும் எடுத்துக் காட்டுவதில்லை. தெரிந்தவர் எதிரில் வந்தால் நிறுத்தி, காற்றுப் போகாத குரலில் சொல்கிறார். "பல்லுன்னா என் மாப்பிள்ளை பல்லு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா அவனுக்கு விலாக்கறி மட்டும் சுடத் தெரியாதுங்க. கொழகொழன்னு, கடிக்கவே ஒண்ணும் இருக்காது."